மனு எழுதித் தர இன்னொருவர் எதற்கு?



பள்ளிக்கூடத்தில் விடுப்பு விண்ணப்பம் எழுதாதவர் நம்மில் யாராவது உண்டா? அனுப்புநர், பெறுநர், பொருள், ஐயா வணக்கம், இப்படிக்குத் தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவன்! அன்று அதை மளமளவென்று எழுதிய கைதான் இன்று வேலைக்கு ஒரு இ-மெயில் அனுப்பச் சொன்னால் நடுங்குகிறது. உடனே பிரவுசிங் சென்டருக்கு ஓடுகிறோம். "அண்ணா, இந்தக் கம்பெனிக்கு ரெஸ்யூம் அனுப்பிடுங்கண்ணா." அவரும் அனுப்பிவிடுகிறார். என்ன எழுதினார் என்று நாம் பார்ப்பதே இல்லை. இந்தப் பழக்கத்தை நாம் விட வேண்டும் என்பதே என் கருத்து.

விழுப்புரம் கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளன்று மனு எழுதிக் கொடுப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். பட்டா விஷயமாக அப்படி எழுதி வாங்கிய மனுவோடு வரிசையில் நின்றவர்தான் என் அப்பா. "என்ன மனு பெரியவரே?" என்று பக்கத்தில் நின்றவர் கேட்டதற்கு, உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்கு முழுதாகச் சொல்லத் தெரியவில்லை. அவர் பள்ளிக்கூடம் போகாதவர், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. டிப்ளமோ படிக்கிற எனக்கு என்ன வந்தது?

போன வருஷம் இன்பிளான்ட் டிரெயினிங் கேட்டு திண்டிவனத்தில் ஒரு சென்டரில் மெயில் அனுப்பினேன். ஐ.டி.யைத் திறந்தவர் அவர். பாஸ்வேர்டு அவர் நோட்டில். சப்ஜெக்ட் கட்டம் காலி. இணைத்த ஃபைலின் பெயர் 'ஸ்கேன் 7'. அப்படியும் பதில் வந்தது! இரண்டு நாளைக்குள் போனஃபைட் சர்டிபிகேட் அனுப்பச் சொல்லியிருந்தார்கள். நான் அதைப் பார்த்தது பதினொன்றாவது நாள். அந்த அண்ணனைக் குறை சொல்ல மாட்டேன். முப்பது ரூபாய்க்கு அவர் வேறென்ன செய்வார்?

யோசித்துப் பார்த்தால் இ-மெயில் ஒன்றும் புது மிருகம் இல்லை. 'பொருள்' என்று எழுதினோமே, அதுதான் சப்ஜெக்ட். மனுவின் அடியில் 'இணைப்பு' என்று போடுவதுதான் அட்டாச்மென்ட். 'சி.சி.' என்பதுகூட கார்பன் காப்பிதான், டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் மை ஒட்டுமே, அதே கார்பன். இது தெரியாமல் நம் சீனியர் ஒருவர் நாற்பது கம்பெனி முகவரியையும் சி.சி.யில் போட்டு ஒரே தட்டாகத் தட்டினார். நாற்பது பேரும் மற்ற முப்பத்தொன்பது பேரைப் பார்த்திருப்பார்கள். கல்யாணப் பத்திரிகையையே கவரில் பெயர் எழுதித்தானே கொடுக்கிறோம்?

சப்ஜெக்டில் எந்த வேலை, என்ன படிப்பு, உங்கள் பெயர், இவ்வளவு போதும். உள்ளே நாலைந்து வரி: நான் யார், இந்த வேலையை எங்கே பார்த்தேன், என் கையால் என்ன செய்திருக்கிறேன், போன் நம்பர். 'லேத்தில் திரெட் கட்டிங் செய்வேன்' என்பதை எளிய இங்கிலீஷில் எழுதினால் போதும். 'எஸ்டீம்டு ஆர்கனைசேஷன்' என்று காப்பியடித்தால், இன்டர்வியூவில் அர்த்தம் கேட்கும்போது முழிக்க வேண்டியதுதான். ரெஸ்யூம் பி.டி.எஃப். ஆக, உங்கள் பெயரிலேயே இருக்கட்டும். மார்க் ஷீட்டை போனில் படம் பிடித்து அப்படியே அள்ளிப் போடாதீர்கள், ஜிமெயிலில் 25 எம்.பி.தான் எல்லை.

இன்னொன்று. 1961ஆம் ஆண்டின் அப்ரண்டிஸ் சட்டத்தை 1973இல் திருத்தித்தான் நம்மைப் போன்ற டிப்ளமோக்காரர்களை அதில் சேர்த்தார்கள். அந்தப் பயிற்சிக்கு இன்று 'நாட்ஸ்' இணையதளத்தில் பதிவு செய்யவும் இ-மெயில் ஐ.டி. வேண்டும். அது உங்கள் கையில் இருக்க வேண்டாமா? தினமும் ஒருமுறை திறந்து பாருங்கள், ஸ்பாம் பெட்டியையும் சேர்த்து. 'வேலை ரெடி, முன்பணம் கட்டு' என்று வந்தால் மட்டும் நம்பாதீர்கள். பணம் போய்விட்டால் உடனே 1930க்கு போன் போடுங்கள்.

போன வாரம் நானே ஒரு ஐ.டி. திறந்து, நானே எழுதி ஒரு கம்பெனிக்கு அனுப்பினேன். "என்னடா எழுதின?" என்றார் அப்பா. ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். முழுதும் கேட்டுவிட்டு, "சம்பளம் எவ்வளவுன்னு கேக்கலியா?" என்றார்.