வாயிற்படியில் நிற்கும் தரகன்

தோழனே!

தேர்வு முடிவு வெளிவந்த மறுவாரம். ஓட்டு வீட்டின் வாயிலிலே ஒருவர் வந்து நிற்கிறார். வெள்ளை வேட்டி, விரிந்த புன்னகை.

"மூன்றே ஆண்டு மில்லிலே வேலை, அண்ணே! தங்க இடம், உண்ணச் சோறு. முடிவிலே மொத்தமாக ஒரு தொகை. மகள் கல்யாணக் கவலை விட்டது!"

தந்தை தலையசைக்கிறார். தாய் விம்முகிறாள். மகளோ மதிப்பெண் பட்டியலை மடித்துப் பெட்டிக்குள் வைக்கிறாள். அவளை எவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை!

நாடகக் காட்சியென்று எண்ணிவிடாதே! மேற்கு மாவட்ட நூற்பாலைகள் பலவற்றிலே ஆண்டுக்கணக்கில் நடந்த கொடுமை இது. இதற்குச் சூட்டப்பட்ட பெயர் என்ன தெரியுமா? 'சுமங்கலித் திட்டம்'! ஆலைக்குள்ளேயே விடுதி, விரும்பியபடி வெளியே செல்லத் தடை, பெயரோ பயிற்சியாளர், உழைப்போ தொழிலாளியின் உழைப்பு, இடையிலே நோயுற்று வீடு திரும்பினால் சேர்ந்த தொகையும் கிட்டாது. மங்கலத்தின் பெயரால் மங்கையர் அடகு வைக்கப்பட்டனர்!

தரகன் வென்றது நாவன்மையாலா? அல்ல! பள்ளிக் கதவு மூடிக் கல்லூரிக் கதவு திறக்கும் இடைவெளியிலே, ஏழையின் வாயிலைத் தேடிவந்தவன் அவன் ஒருவனே!

அந்த இடைவெளியை அடைக்க எழுந்த கரம் எது? 1989இல் கலைஞர் அரசு, மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரால், எட்டாம் வகுப்புவரை படித்த ஏழைப் பெண்ணுக்குத் திருமண உதவியாக 5,000 ரூபாய் தந்தது. திருமணத்துக்கா அந்தப் பணம்? இல்லை, எட்டாம் வகுப்புக்கு! 2022இல் அதே அம்மையார் பெயரால், அரசுப் பள்ளியிலே பயின்று உயர்கல்வி புகும் பெண்ணுக்குத் திங்கள்தோறும் 1,000 ரூபாய் என்று அது உருமாறிற்று. 2024இல் மாணவர்க்கும் 'தமிழ்ப் புதல்வன்' வந்தது.

"தாலிக்குத் தங்கம் போயிற்றே!" என்று கூவினர் சிலர். சிறுமியாக விற்கப்பட்டவர் அம்மையார். விற்பவரையும் வாங்குபவரையும் எதிர்த்தே வாழ்ந்தவர். அவர் பெயரால் தரத்தக்கது தாலியா, தலைநிமிர்வா?

ஆயினும் தோழனே, மார்தட்டி அமர்ந்துவிட நேரமில்லை. கல்லூரி முடிந்து பணிக்குச் செல்லும் வாயிலிலும் ஒரு தரகன் நிற்கிறான். 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம், தொழில் கற்கும் இளைஞனுக்கு உதவித்தொகை தந்தது. கற்றபின் வேலை தரவேண்டிய கட்டாயத்தை முதலாளிமீது சுமத்தவில்லை. அதனால், பழகிய கை வெளியே அனுப்பப்படுகிறது. பழகாத கை உள்ளே அழைக்கப்படுகிறது. சக்கரம் சுழல்கிறது, சம்பளம் மட்டும் உயர்வதில்லை! பயிற்சிக்குக் காலவரையறை, பயின்றவனுக்கே பணியில் முன்னுரிமை, தொழிலாளியின் வேலைக்குத் தொழிலாளியின் கூலி: கோட்டையில் எவர் அமர்ந்தாலும் நாம் கேட்கவேண்டியவை இவை.

கல்லூரிப் படிப்பைப் பாதியிலே விட்டவன் நான். மேடை என்னை ஏந்திக்கொண்டது. எல்லோர்க்கும் மேடை வாய்ப்பதில்லை.

எனவே உனக்கொரு வேலை. அடுத்த தேர்வு முடிவு வரும் நாளிலே, சுவரொட்டியும் பசையும் ஒருபுறம் இருக்கட்டும். உன் தெருவிலே தேறியவர் யார், தவறியவர் யார் என்று வீடுவீடாகச் சென்று கேள். விண்ணப்பத்தை நிரப்பிக் கொடு. தவறியவனைத் துணைத்தேர்வுக்கு அனுப்பு.

தரகன் வருமுன் நீ சென்று நில், அந்த வாயிற்படியிலே!