உயரக் கோல் அளக்காத அச்சம்

கோடை விடுமுறை வந்துவிட்டால் எங்கள் சத்தியவேட்டுப் பக்கத்துக் குடும்பங்களுக்கு இரண்டு பயணங்கள் உறுதி. ஒன்று, உறவினர் ஊரில் திரௌபதியம்மன் கோயில் பாரதத்துக்கு. மற்றொன்று, கவரப்பேட்டைச் சாலையைப் பிடித்துச் சென்னைப் பக்கம் ஏதேனுமொரு கேளிக்கைப் பூங்காவுக்கு. இரண்டு இடங்களிலும் சிறு குழந்தைகள் அஞ்சுகிறார்கள். ஆனால் நம்மில் படித்தவர்களின் கவலை முழுவதும் முதலாவதன்மீதே விழுகிறது. ‘துச்சாதனன் வதத்தைப் பார்த்தால் பிள்ளையின் மனம் என்ன ஆகும்?’ என்று கேட்கிற அதே வாய், பூங்காவின் பேய் வீட்டுக்கு முன்னால் நான்கு வயதுக் குழந்தையைத் தோளில் சுமந்தபடி ‘ஒன்றும் ஆகாது வா’ என்கிறது. அந்த ‘ஒன்றும் ஆகாது’ என்ற தீர்ப்பை யார் வழங்கினார்கள், எந்த அளவுகோலால் அளந்து வழங்கினார்கள் என்பதே என் கேள்வி.

கேள்விக்குக் காரணமான நிகழ்ச்சியைச் சொல்லிவிடுகிறேன். என் அக்காள் மகளுக்கு அப்போது நான்கு வயது முடிந்திருந்தது. பூங்காவில் பெரிய ராட்டினம் ஒன்றின் வாயிலில் உயரக் கோல் நட்டிருந்தார்கள். அவள் தலை கோட்டுக்கு எட்டவில்லை. பணியாளர் கண்டிப்பாக மறுத்துவிட்டார். என் மாமா எவ்வளவு சொல்லியும் இளகவில்லை. அது சரியான கண்டிப்பு. அங்கிருந்து ஐம்பதடி நடந்தால் பேய் வீடு. அங்கே கோலும் இல்லை, பலகையும் இல்லை. சீட்டைக் கிழித்தவர் குழந்தையைப் பார்த்தார், ‘எல்லாம் பொம்மைதான் சார்’ என்றார், உள்ளே விட்டார். உள்ளே பொம்மை மட்டும் இல்லை. ஒரு திருப்பத்தில் முகமூடி அணிந்த ஆள் ஒருவர் இருளிலிருந்து பாய்ந்தார். திரும்பிப் போக வழி கேட்டோம். பின்னால் வரிசை நிற்கிறது, முன்னால்தான் போக வேண்டும் என்றார்கள். வெளியே வந்தபோது அவள் அழவில்லை. வாய் திறந்தபடி இருந்தது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்பதை மறைத்து இதை எழுதினால் நேர்மையாகாது. அதன்பின் பல மாதங்கள், மின்சாரம் நின்ற மறுநொடி அவள் அலறுவதைக் கேட்ட வீடு எங்கள் வீடு.

உயரக் கோல் எதை அளக்கிறது? இருக்கையின் தடுப்புக் கம்பி அந்த உடலைப் பிடித்து நிறுத்துமா என்பதை அளக்கிறது. சுழற்சியின் விசையில் குழந்தை நழுவிவிடக் கூடாது என்பதற்கான பொறியியல் ஏற்பாடு அது. பேய் வீட்டில் நழுவி விழ ஒன்றுமில்லை, ஆகவே அளக்கவும் ஒன்றுமில்லை என்று முடிவு செய்திருக்கிறார்கள். காயத்துக்கு இழப்பீடு உண்டு, கனவுக்கு இல்லை என்பதே அம்முடிவின் கணக்கு.

‘முகமூடிதானே, குழந்தைக்குத் தெரியாதா?’ என்பார்கள். தெரியாது. அதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 1969இல் ரீட்டா டி விரீஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் மிகவும் பேர்பெற்றது. மேனார்டு என்ற சாதுவான பூனையை மூன்று முதல் ஆறு வயதுக் குழந்தைகளுக்குக் காட்டினார்; தடவிக்கொடுக்கச் செய்தார். பிறகு பூனையின் முன்பாதியை மறைத்து, அதன் முகத்தில் நாய் முகமூடி ஒன்றை மாட்டினார். மாட்டும்போது வால் குழந்தையின் கண்முன்னாலேயே இருந்தது. ஆயினும் மூன்று வயதுக் குழந்தைகளில் பலர் அது நாயாகவே மாறிவிட்டதென்று நம்பினர். சிலர் தொட அஞ்சினர். ஆறு வயதினரோ முகமூடி மாட்டிய பூனை என்று பெரும்பாலும் தெளிவாகச் சொன்னார்கள். ‘எல்லாம் பொம்மைதான்’ என்ற சொல்லுக்குப் பொருள் விளங்கும் வயது ஒன்று இருக்கிறது; அதற்கு முந்திய வயதும் ஒன்று இருக்கிறது. பொம்மைதான் என்று சீட்டுக் கிழிப்பவர் சொல்வது தகப்பனுக்குத்தான் ஆறுதல்.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அச்சம் பிறக்கும் களங்கள் நான்கு என்று வகுத்தார்: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. பேய் வீட்டை நடத்துபவர்கள் முதல் மூன்றையும் தவறாமல் பயன்படுத்துகிறார்கள். பேய் உண்டு, உறுமல் உண்டு, இருளில் கைபோடும் ஆளும் உண்டு. நான்காவதைக் குழந்தையோடு நாமே அனுப்பிவைக்கிறோம். நான்கு வயதுக் குழந்தைக்கு இறை யார்? அதன் கையைப் பிடித்து உள்ளே இழுக்கும் தகப்பனும் மாமனுமே. இதைச் சொல்வது உரைமரபுக்கு ஒவ்வாத பொருத்தமாகச் சிலருக்குத் தோன்றலாம். தோன்றட்டும். முன்னால் பேய், பின்னால் அப்பாவின் கை என்ற நிலையில் சிக்கிய குழந்தையைக் கண்டவர்களுக்கு அது புரியும்.

உலகின் பெரும் பூங்காக்கள் இச்சிக்கலை அறியாதவை அல்ல. 1955இல் கலிபோர்னியாவில் டிஸ்னிலேண்ட் திறந்தபோதே ஸ்நோ ஒயிட் கதையைச் சொல்லும் சவாரி ஒன்று இருந்தது. அமர்ந்து செல்பவரே ஸ்நோ ஒயிட் என்பது வடிவமைத்தவர்களின் எண்ணம். அதனால் அவள் உருவத்தை உள்ளே வைக்கவில்லை. குழந்தைகள் சூனியக்காரியைக் கண்டார்கள்; ஸ்நோ ஒயிட்டைக் காணவில்லை. 1983இல் அதை மாற்றியமைத்தபோது ஸ்நோ ஒயிட் உருவத்தைச் சேர்த்தார்கள். பெயரிலேயே ‘அச்சமூட்டும்’ என்ற சொல்லையும் சேர்த்தார்கள். 2021இல் மீண்டும் மாற்றி, அந்தச் சொல்லை நீக்கி, சவாரியையே மென்மையாக்கினார்கள். ஓர் இளவரசியின் கதை குழந்தைக்கு எவ்வளவு அச்சம் தரலாம் என்று தீர்மானிக்க அறுபத்தாறு ஆண்டுகள்! புளோரிடாவில் அதே நிறுவனம் 1995இல் திறந்த வேற்றுக்கோள் உயிரி அரங்கு, இருளில் பார்வையாளரின் பிடரியில் மூச்சு விட்டது. குழந்தைகளுக்கு மிகையான அச்சம் என்ற முறையீடு தொடர்ந்தது, 2003இல் மூடினார்கள். அவர்களும் தடுமாறியே கற்றார்கள். நாம் தடுமாறக்கூடத் தொடங்கவில்லை.

இன்னொரு வியப்பு. இதே நாட்டில் திரைப்படத்துக்கு அந்தக் கவலை உண்டு. 2023ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்துக்குப் பின் யு/ஏ சான்றிதழ் 7, 13, 16 என்று வயதுவாரியாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. திரையில், எட்டாத தொலைவில், தட்டையாகத் தோன்றும் பேய்க்கு வயது குறிக்கிறோம். காதருகே வந்து கத்தும் பேயைச் சீட்டுக் கிழிப்பவரின் கண்மதிப்புக்கு விட்டுவிடுகிறோம்.

இனிக் கூத்துக்கு வருகிறேன். கூத்தும் அச்சுறுத்துவதுதான். படுகளத்தன்று தரையில் மல்லாந்து கிடக்கும் துரியோதனன் மண்ணுருவத்தை நினைத்துப் பாருங்கள். உருட்டிய விழி, முறுக்கிய மீசை, ஆளை விழுங்கும் நீளம். வீமன் தொடையில் அடிக்க, உள்ளே வைத்த செந்நீர் பீறிட, திரௌபதி விரித்த கூந்தலை முடிகிறாள். பேய் வீட்டின் எந்தப் பொம்மைக்கும் இதில் பாதி வலிமை கிடையாது. ஆனால் அந்த அச்சம் குழந்தையிடம் வந்து சேரும் வழியைக் கவனியுங்கள். விடியற்காலையிலிருந்து மண் குழைப்பதைப் பிள்ளைகள் சூழ்ந்து நின்று பார்க்கிறார்கள். காலுக்கு மண் சுமந்து கொடுத்த சிறுவன், கண்ணுக்குச் சுண்ணாம்பு தீட்டுவதைப் பார்த்த சிறுமி, இவர்களுக்குத் துரியோதனன் யார் என்பதைவிடத் துரியோதனன் எதனால் ஆனவன் என்பது முன்பே தெரியும்.

இரவுக் கூத்தில் இது இன்னும் நுட்பமானது. வேடம் கட்டும் கொட்டகையின் கீற்றை விலக்கி எட்டிப் பார்க்காத பிள்ளை எங்கள் பக்கத்தில் உண்டா? தேநீர் குடித்துக்கொண்டே அரிதாரம் பூசும் மனிதர் மெல்லமெல்ல அரக்கனாவதை அவர்கள் பார்க்கிறார்கள். பிறகு திரை. இருவர் ஒரு துணியைப் பிடித்து நிற்க, அதன் பின்னால் வேடதாரி நின்று தான் யார், எந்தக் குலம், எதற்காக வருகிறேன் என்று பாடுகிறான். கட்டியங்காரன் குறுக்கே புகுந்து கேலி செய்கிறான். முதலில் கிரீடத்தின் முனை தெரிகிறது, பிறகு சலங்கை கேட்கிறது, அதன் பிறகே முகம். எத்தனை கொடியவனானாலும் கூத்தில் ஒருவன் சொல்லாமல் வருவதில்லை. பேய் வீட்டின் தொழில் முழுவதும் சொல்லாமல் வருவதில் அடங்கியிருக்கிறது. சொல்லிவிட்டால் அதற்கு வேலையே இல்லை. துணி விலகுவதற்குள் குழந்தை முடிவு செய்துகொள்ளலாம்: பார்ப்பதா, பாட்டியின் புடவைக்குள் முகத்தைப் புதைப்பதா, எழுந்து மிட்டாய்க் கடைக்குப் போவதா. திறந்தவெளிக்குக் கதவு எதற்கு?

இதனால் ஊர்த் திருவிழாவில் நடப்பதெல்லாம் நன்று என்று நான் வாதாடவில்லை. கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தீக்குழியில் இறங்குவதை நான் வன்மையாக எதிர்க்கிறேன். அங்கேயும் குழந்தையை யாரும் கேட்கவில்லை. என் எதிர்ப்பு நவீனத்துக்கோ இயந்திரத்துக்கோ உரியது அன்று. கேட்காமல் அச்சுறுத்துவதற்கு உரியது.

‘பயம் தெளியட்டும் என்றுதான் அழைத்துப்போகிறோம்’ என்ற வாதத்தை இனியும் பொறுக்க முடியவில்லை. அச்சம் எப்படி ஊட்டப்படுகிறது, எப்படித் தெளிகிறது என்பதற்கு நூறாண்டுப் பழமையான இரண்டு சான்றுகள் உள்ளன. 1920இல் ஜான் வாட்சனும் ரோசலி ரேனரும் ஆல்பர்ட் என்று பெயரிட்ட, ஒரு வயதுகூட நிரம்பாத குழந்தையின் முன் வெள்ளெலியை வைத்து, பின்னாலிருந்து இரும்புத் தண்டைச் சுத்தியலால் அடித்தார்கள். சில முறைகளுக்குப் பின் எலியைக் கண்டாலே குழந்தை அழுதது. இன்று எந்த ஆய்வு அறக்குழுவும் அதற்கு ஒப்பாது. 1924இல் மேரி கவர் ஜோன்ஸ் வெளியிட்ட ஆய்வு எதிர்த்திசையில் நடந்தது. முயலுக்கு அஞ்சிய பீட்டர் என்ற சிறுவனுக்கு விருப்பமான தின்பண்டம் கொடுத்து, முயலை எட்ட வைத்து, அவன் ஏற்க ஏற்க நாள்தோறும் சற்றே அருகில் கொண்டுவந்தார். இறுதியில் அவன் அதைக் கையால் தடவினான். இருட்டில் பின்னாலிருந்து திடீரென்று எழும் பேரொலி இவ்விரண்டில் எதைச் சேர்ந்தது? நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு நாம் வாட்சனின் அறைக்குள் போகிறோம். வெளியே வந்து ஜோன்ஸின் பயனை எதிர்பார்க்கிறோம்.

குழந்தைகள் அச்சத்தை விரும்புவதும் உண்மையே. மேலே தூக்கிப் போட்டுப் பிடித்தால் ‘இன்னொரு தடவை’ என்பார்கள். அந்த ‘இன்னொரு தடவை’தான் அனுமதி. அது வரவில்லையென்றால் விளையாட்டு முடிந்தது. பேய் வீட்டுக்குள் அச்சொல்லைக் கேட்க யாரும் நிற்பதில்லை. ‘போதும்’ என்ற சொல்லைக் கேட்கவும் நிற்பதில்லை.

பூங்காக்களை மூடச் சொல்லவில்லை. ஆறு வயதுக்கு உட்பட்டோருக்குப் பேய் வீடு கூடாது என்று உயரக் கோலைப் போலவே வாயிலில் எழுதட்டும். தகப்பன் கெஞ்சினாலும் ராட்டினத்துக்காரர் காட்டிய கண்டிப்பைக் காட்டட்டும். உள்ளே என்னென்ன வரும், ஆள் பாய்வது உண்டா, இருள் எத்தனை நிமிடம் என்பதைத் தமிழிலும் தெலுங்கிலும் பலகையாக வைக்கட்டும், ஏனெனில் எங்கள் பேருந்துகளில் இரு மொழியினரும் வருகிறார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் வெளியேறும் கதவு இருக்கட்டும். தீ விபத்துக்கும் அதே கதவு பயன்படும் என்றால் உரிமையாளர்களுக்குச் செலவு கசக்காது. முகமூடிக்காரர் தன் முகமூடியைக் கழற்றிக் காட்ட ஒரு மணித்துளி ஒதுக்கட்டும்.

பள்ளிச் சுற்றுலாவுக்குக் கையெழுத்துக் கேட்டு வரும் படிவத்தில் எந்தச் சவாரிக்கு ஒப்புதல், எதற்கு இல்லை என்று பெற்றோர் தனித்தனியே குறிக்க இடம் இருக்க வேண்டும். இப்போது எங்கள் வீட்டுக்கு வந்த படிவத்தில் ‘சுற்றுலா முழுவதற்கும் ஒப்புதல்’ என்று ஒரே வரிதான் இருக்கிறது. அக்காள் அதன் கீழே பேனாவால் இன்னொரு வரி எழுதி அனுப்பியிருக்கிறாள்: ‘பேய் வீட்டுக்கு அழைத்துச் செல்லும் முன் அவளைக் கேட்கவும்.’