முழுச் சமோவாவோடு இதுவரை யாரும் விளையாடவில்லை

1991 ஒக்டோபர் 6. கார்டிஃப் ஆர்ம்ஸ் பார்க் மைதானம். றக்பியை மதம் மாதிரிக் கொண்டாடுகிற வேல்ஸ் தேசம், அன்றைக்கு உலகக் கிண்ணத்துக்கு முதன்முறையாக வந்திருந்த ஒரு குட்டித் தீவிடம் 16–13 என்று தோற்றது. அப்போது அந்தத் தீவின் பெயர் மேற்குச் சமோவா. தோல்விக்குப் பிறகு வேல்ஸ்காரர்களே ஒரு பகிடி சொல்லத் தொடங்கினார்கள்: நல்லவேளை, மேற்குச் சமோவாவோட மட்டும் விளையாடினோம், முழுச் சமோவாவும் வந்திருந்தா என்ன ஆகியிருக்கும்?

முப்பது வருசத்துக்கு மேலாக விளையாட்டு எழுத்தாளர்கள் இந்தப் பகிடியைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். சொல்கிற ஆட்களுக்கு அது எவ்வளவு உண்மை என்று விளங்குவதில்லை. முழுச் சமோவாவோடு இன்றுவரைக்கும் ஒருத்தரும் விளையாடவில்லை. ஏனென்றால் முழுச் சமோவா ஒருநாளும் மைதானத்துக்கு இறங்கியதே இல்லை.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 1991 தொடக்கம் 2023 வரை ஒன்பது உலகக் கிண்ணங்கள். ஒவ்வொன்றிலும் நான்கு ஆட்டம், மொத்தம் 36. அதில் வெற்றி 14, தோல்வி 22. 1991இலும் 1995இலும் காலிறுதி. 1999இல் அதே வேல்ஸை அதே கார்டிஃப் நகரத்தில் 38–31 என்று மறுபடி வென்று, காலிறுதிக்குப் போகும் தகுதி ஆட்டத்தில் ஸ்கொட்லாந்திடம் விழுந்தார்கள். அதற்குப் பிறகு குழுச் சுற்றைத் தாண்டவே இல்லை. 2007, 2015, 2019, 2023 ஆகிய நான்கு தடவையும் ஒரேயொரு வெற்றியோடு வீடு திரும்பினார்கள். இதை மேலோட்டமாகப் பார்க்கிற ஆள் "சமோவா கீழே போயிட்டுது" என்று எழுதிவிட்டு அடுத்த அணிக்குப் போயிடுவார். பெரும்பாலான பத்திரிகைகள் செய்ததும் அதுதான்.

எனக்கு இந்த வாசிப்பில் உடன்பாடு இல்லை. இரண்டு லட்சம் பேர் அளவில் வாழ்கிற ஒரு நாடு இது. யாழ்ப்பாண மாவட்டத்தின் சனத்தொகையில் பாதிகூடத் தேறாது. அங்கேயிருந்து வந்த ஒரு அணி 36 உலகக் கிண்ண ஆட்டங்களில் 14ஐ வென்றிருக்கிறது என்றால், கேட்கவேண்டிய கேள்வி "ஏன் தோற்கிறார்கள்" என்பதல்ல. இவ்வளவு திறமை இருக்கிற சனத்துக்கு அதன் பலன் ஏன் போய்ச் சேருவதில்லை என்பதுதான்.

கதை 1987இலேயே தொடங்குது. முதல் உலகக் கிண்ணத்துக்குத் தகுதிச் சுற்று கிடையாது, அழைப்பு மட்டும்தான். 16 அணிகளைக் கூப்பிட்டார்கள். பிஜிக்கு அழைப்பு, டொங்காவுக்கு அழைப்பு, சிம்பாப்வேக்கும் அழைப்பு. சமோவாவுக்கு இல்லை. ஆனால் அதே கிண்ணத்தின் இறுதி ஆட்டத்தில் நியூசிலாந்துக்காக ட்ரை வைத்தவர்களில் ஒருவர் மைக்கல் ஜோன்ஸ். அவர் அதற்கு முந்தைய வருசம், 1986இல், மேற்குச் சமோவாவின் சீருடையில் ஆடியவர். நாட்டுக்கு அழைப்பில்லை, ஆளுக்கு மட்டும் இடமிருந்தது.

இந்த இடத்தில் வழக்கமாக ஒரு வசனம் வரும்: "நியூசிலாந்து சமோவாவின் வீரர்களைத் திருடுகிறது." கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் விசயம் அவ்வளவு லேசு இல்லை. மைக்கல் ஜோன்ஸ் பிறந்தது ஒக்லாந்தில். 1991இல் வேல்ஸை வீழ்த்திய அணியிலும் கனபேர் நியூசிலாந்தில் வளர்ந்தவர்கள் அல்லது அங்கே விளையாடிக்கொண்டிருந்தவர்கள். அணித் தலைவர் பீட்டர் ஃபாடியலோஃபா ஒக்லாந்தில் பியானோ ஏற்றி இறக்கி வாழ்க்கை நடத்தியவர். சென்டராக ஆடிய ஃபிராங்க் பன்ஸ் அடுத்த வருசமே ஓல் பிளாக்ஸ் சீருடைக்கு மாறிவிட்டார். இன்றைக்கு நியூசிலாந்தில் வாழ்கிற சமோவா வம்சாவளியினரின் தொகை, தீவிலேயே வாழ்கிறவர்களின் தொகைக்குக் கிட்டத்தட்டச் சமம். தெற்கு ஒக்லாந்தில் பிறந்த ஒரு பெடியன் ஓல் பிளாக்ஸுக்கு ஆட ஆசைப்பட்டால் அதைக் களவு என்று சொல்ல நாங்கள் யார்? அவனுக்கு அதுவும் ஊர்தான். புலம்பெயர்ந்த பிள்ளைகளைப் பார்த்து "நீ எந்த நாட்டுக்காரன்" என்று கேட்டுக் களைத்துப்போன ஒரு சமூகம் நாங்கள். இந்தக் கேள்வியைச் சமோவாப் பிள்ளைகளிடம் கேட்கத் தேவையில்லை.

கேட்கவேண்டியது அந்த நாட்டிடம். 1962வரை சமோவாவை ஆண்டது நியூசிலாந்து. 1918இல் ஒக்லாந்திலிருந்து வந்த ஒரு கப்பல் காய்ச்சலைக் கொண்டுவந்து சேர்க்க, தீவின் சனத்தில் ஐந்தில் ஒரு பங்கு செத்துப்போனது. பிறகு தொழிற்சாலைகளுக்கு ஆள் தேவைப்பட்ட காலத்தில் சமோவாக்காரர்களை வரவிட்டார்கள். பொருளாதாரம் சரிந்ததும் 1970களில் விடியற்காலையில் வீடு வீடாகப் புகுந்து பொலிஸ் விசாக் கேட்டது. 1982இல் ஃபலேமாய் லேசா என்ற பெண்மணியின் வழக்கில், 1924க்கும் 1949க்கும் இடையில் பிறந்த மேற்குச் சமோவாக்காரர்கள் நியூசிலாந்துக் குடிமக்கள்தான் என்று லண்டன் பிரிவி கவுன்சில் தீர்ப்புச் சொன்னது. சில கிழமைக்குள்ளேயே நியூசிலாந்து நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டு அந்தக் குடியுரிமையைப் பறித்துவிட்டது. குடியுரிமையை ஒரு சட்டத்தால் பறிப்பது எப்படி என்று இலங்கையில் இருக்கிற எங்களுக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை. அதைத் திருப்பிக் கொடுக்கிற சட்டம் வந்தது 2024இல்தான்.

அப்போ 1982க்கும் 1987க்கும் இடையில் இருப்பது ஐந்தே வருசம். வயசானவர்களின் கடவுச்சீட்டு வேண்டாம், பெடியளின் தோள் வேண்டும். றக்பி பற்றிய கட்டுரையில் ஏன் இவ்வளவு சரித்திரம் என்று கேட்கிற ஆட்களுக்கு என் பதில் இதுதான்.

களத்துக்கே வருவோம். சமோவாவின் தோல்விகளில் சிலதை ஒழுங்காகப் பார்த்தால் அவை தோல்வி மாதிரியே இல்லை. 1991இல் அவுஸ்திரேலியாவிடம் 9–3. அந்த அவுஸ்திரேலியாதான் கிண்ணத்தை வென்றது. 2003இல் மெல்பேர்னில் இங்கிலாந்துக்கு எதிராக இரண்டாம் பாதியிலும் 22–20 என்று முன்னிலையில் இருந்தார்கள். கடைசியில் 35–22. அதே ஆட்டத்தில் இங்கிலாந்து அரை நிமிடத்துக்கு 16 பேரை இறக்கி ஆடி, பிறகு 10,000 பவுண் தண்டம் கட்டியது. அந்த இங்கிலாந்துதான் கிண்ணத்தையும் தூக்கியது. (வேடிக்கை என்னவென்றால் 1995இலும் 2007இலும் இங்கிலாந்து சமோவாவை வென்ற புள்ளி ஒன்றே: 44–22.) 2015இல் ஸ்கொட்லாந்திடம் 36–33. 2023இல் ஆர்ஜென்டினாவிடம் 9 புள்ளி, ஜப்பானிடம் 6, இங்கிலாந்திடம் 1. மூன்று தோல்விக்கும் சேர்த்து 16 புள்ளிதான் வித்தியாசம்.

அந்த ஒரு புள்ளி ஆட்டத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லவேணும். லில் நகரத்தில் சமோவா 17–8 என்று முன்னுக்கு நின்றது. இங்கிலாந்தின் ஓவன் ஃபாரெல் பெனால்டி உதைக்க எடுத்த நேரம் 60 செக்கனைத் தாண்டி, அந்த வாய்ப்பே பறிபோனது. அப்படியும் கடைசி நேரத்தில் டனி கெயார் வைத்த ட்ரையும் அதற்கான கன்வெர்ஷனும் ஆட்டத்தை 18–17 ஆக்கின. சமோவா இங்கிலாந்தை இன்றுவரை வென்றதில்லை. அன்றைக்கு அவ்வளவு கிட்டப் போனதற்குக் காரணம் ஒரு விதி மாற்றம். ஒரு நாட்டுக்கு ஆடியவர், மூன்று வருசம் ஒதுங்கியிருந்தால், தான் அல்லது பெற்றோர், பாட்டன் பாட்டி பிறந்த நாட்டுக்கு ஒருதடவை மாறலாம் என்று 2022இல் நடைமுறைக்கு வந்தது. அதனால் லீமா சொப்போவாகா, சார்லி ஃபௌமுயினா, ஸ்டீவன் லுவாட்டுவா என்ற முன்னாள் ஓல் பிளாக்ஸ் வீரர்களும், அவுஸ்திரேலியாவுக்கு ஆடிய கிறிஸ்டியன் லியாலிஃபானோவும் சமோவாவுக்கு வந்தார்கள்.

நல்ல விதிதான், வரவேற்கிறேன். ஆனால் வந்த நாலு பேரும் முப்பதைத் தாண்டியவர்கள். இருபத்திநாலு வயசில் இருந்த அவர்களுடைய வேகம் வேற நாட்டுக்குப் போய்விட்டது. மிச்சம்தான் சமோவாவுக்கு வந்தது. அந்த மிச்சத்தை வைத்தே இங்கிலாந்தை ஒரு புள்ளி தூரத்துக்குக் கொண்டுவந்தார்கள் என்பதை யோசித்துப் பாருங்கள்.

இனி காசுக் கதை. சர்வதேச றக்பியில், உலகக் கிண்ணத்துக்கு வெளியே நடக்கிற ஆட்டங்களின் வசூல் போட்டியை நடத்துகிற நாட்டுக்கே. டுவிக்கன்ஹாம் மைதானத்தில் 80,000 பேர் டிக்கட் எடுத்துச் சமோவாவைப் பார்க்க வந்தாலும் சமோவாவுக்கு அதில் பங்கில்லை. 2017 நவம்பரில் அப்படியான ஒரு ஆட்டத்துக்கு முன்னால், சமோவாவின் பிரதமராகவும் றக்பி சங்கத் தலைவராகவும் இருந்த துய்லாஎபா, சங்கம் வங்குரோத்து என்று பகிரங்கமாகவே சொன்னார். அந்த ஆட்டத்துக்கு இங்கிலாந்து வீரர் ஒருவருக்குக் கிடைத்தது ஏறத்தாழ 22,000 பவுண், சமோவா வீரருக்கு 650 பவுண் என்று அப்போது பத்திரிகைகள் எழுதின. இங்கிலாந்துச் சங்கம் நல்லெண்ணமாக 75,000 பவுண் கொடுத்தது. கேட்டது பங்கு, கிடைத்தது நன்கொடை. இந்த இரண்டுக்கும் இடையில் இருக்கிற வித்தியாசத்தை முன்னாள் சமோவா வீரர் டான் லியோ 2020இல் வந்த 'ஓஷன்ஸ் அபார்ட்' ஆவணப்படத்தில் நாடு நாடாகப் போய்க் காட்டுகிறார். கிடைத்தால் பாருங்கள். றக்பி விளங்காத ஆட்களுக்கும் விளங்கும்.

அட்டவணைகூட நடுநிலை இல்லை. 2011இல் சமோவா நமீபியாவோடு புதன்கிழமை விளையாடி, ஞாயிற்றுக்கிழமை வேல்ஸைச் சந்தித்தது. வேல்ஸ் அதற்கு முதல் ஆடியது முந்தைய ஞாயிறு. ஒரு பக்கம் மூன்று நாள் ஓய்வு, மற்றப் பக்கம் ஆறு நாள். முடிவு 17–10. இதைப் பற்றி எலியோட்டா ஃபுய்மவோனோ சப்போலு என்ற சமோவா வீரர் ட்விட்டரில் கிழி கிழியென்று கிழித்தார். அவருடைய சில உவமைகள் எல்லை மீறியவை, நடுவரைப் பற்றி எழுதியது பிழை, அதை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் அவருக்குத் தடை விதிக்கக் காட்டிய வேகத்தை அட்டவணையைத் திருத்த யாரும் காட்டவில்லை.

ஒருபக்கமாகவே எழுதினால் அது சமோவாவுக்கும் மரியாதை இல்லை. அதே 2011இல் அணித் தலைவர் மஹோன்ரி ஷ்வால்கர், தங்கள் நிர்வாகமே பொறுப்பில்லாமல் நடந்தது என்று பகிரங்கமாக எழுதினார். விளைவாக அணி முகாமையாளருக்கு அவருடைய கிராமச் சபை 100 பன்றிகள் தண்டம் போட்டது! 2014இல் இங்கிலாந்தோடு ஆட்டம் இருக்கும்போது, சொந்தச் சங்கத்தின் நிர்வாகத்தை எதிர்த்து வீரர்கள் ஆட்டத்தையே புறக்கணிக்கப் போவதாக எச்சரித்தார்கள். சங்கத் தலைவர் பதவியும் பிரதமர் பதவியும் ஒரே ஆளிடம் இருந்த இடத்தில் கணக்குக் கேட்பது எவ்வளவு சுகம் என்று சொல்லவும் வேணுமா? ஆனால் உள்வீட்டுக் குழப்பத்தைக் காட்டி வெளியில் நடக்கிற சுரண்டலை மூடுவதுதான் காலங்காலமாக நடக்கிற வித்தை. "காசு கொடுத்தாலும் ஒழுங்கா நிர்வகிக்க மாட்டினம்" என்ற கதையை நாங்களும் வேற வேற இடங்களில் கேட்டவர்கள்தானே.

வேற வழி இருக்கு என்பதற்குப் பக்கத்துத் தீவே சாட்சி. 2022இல் பிஜியின் 'ட்ருவா' கழகம் சூப்பர் றக்பி தொடரில் சேர்ந்தது. சுவாவிலும் லௌடோக்காவிலும் சொந்த மண்ணில், சொந்தச் சனத்துக்கு முன்னால் ஆடுகிறார்கள். பெடியள் பிரான்சுக்கோ ஒக்லாந்துக்கோ போகாமல் ஊரிலேயே தொழில்முறை வீரராக இருக்கலாம். ஒன்றரை வருசத்தில் பலன் தெரிந்தது. 2023 ஓகஸ்டில் டுவிக்கன்ஹாமிலேயே இங்கிலாந்தை வென்று, உலகக் கிண்ணத்தில் அவுஸ்திரேலியாவை 22–15 என்று வீழ்த்தி, காலிறுதியில் அதே இங்கிலாந்திடம் 30–24 என்றுதான் பிஜி தோற்றது. சமோவாவுக்கும் டொங்காவுக்கும் என்று அதே வருசம் சேர்த்த 'மொவானா பசிஃபிக்கா' அணிக்கு வீடு எங்கே கொடுத்தார்கள்? ஒக்லாந்தில்! அபியாவில் ஒரு ஆட்டம் நடந்தாலே அது செய்தி. பெயர் தீவுடையது, டிக்கட் காசு நகரத்துடையது.

2027இல் அவுஸ்திரேலியாவில் நடக்கிற கிண்ணத்தை 24 அணிகளாக விரித்திருக்கிறார்கள். சின்ன நாடுகளுக்கான கதவு என்று விளம்பரம். எனக்குப் பெரிய உற்சாகம் இல்லை. நாலு வருசத்துக்கு ஒருக்கா ஒரு மாசம் கூப்பிட்டு, அவர்களுடைய சிவா டாவு நடனத்தைப் படம்பிடித்து, "என்ன உடம்பு, என்ன பலம்" என்று வியந்துவிட்டு அனுப்புவதற்கு எத்தனை அணி இருந்தால் என்ன? மூளையால் ஆடுகிற ஆட்டத்தையும் உடம்பால் மட்டுமே ஆடுவதாக வர்ணிக்கிற அந்த வழக்கத்தைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம்.

தேவைப்படுவது சாதாரண விசயங்கள். வெளிநாட்டில் ஆடும்போது வசூலில் ஒரு பங்கு. வீரர் நாட்டுக்கு ஆட வரும்போது ஐரோப்பியக் கழகங்கள் மறைமுகமாக நெருக்காமல் இருப்பது. உலக றக்பிச் சபையில் சமோவாவுக்கு நேரடி இடம் கிடைத்ததே 2018க்குப் பிறகுதான். அங்கே பெரிய நாடுகளுக்கு ஆளுக்கு மூன்று வாக்கு இருக்கும்போது இந்த ஒற்றைக் குரலுக்கு என்ன பலம் என்று கேட்பது. எல்லாவற்றுக்கும் மேலாக, பெரிய அணிகள் அபியாவுக்குப் போய் விளையாடுவது.

1924இல் அபியாவில் சமோவா தன் முதல் சர்வதேச ஆட்டத்தை ஆடியபோது, வீரர்கள் பிறகு வேலைக்குப் போகவேண்டும் என்று காலை ஏழு மணிக்கே ஆட்டத்தைத் தொடங்கினார்களாம். ஓல் பிளாக்ஸ் அங்கே முதல் தடவை போனது 2015 ஜூலையில், ஜோன் காம்பெல் என்ற தொலைக்காட்சி ஊடகவியலாளர் விடாமல் கேட்டுக் கேட்டு. ஊரே தெருவில் நின்றது. நியூசிலாந்து 25–16 என்றுதான் வெல்ல முடிந்தது. அதற்குப் பிறகு அவர்கள் அந்தப் பக்கம் விளையாடப் போகவில்லை. ஒக்லாந்திலிருந்து அபியாவுக்கு விமானத்தில் நாலு மணித்தியாலம் வரும்.