வேகமாக எழுதும் கருவி: சரிபார்ப்பது யார்?

பில் போடும் கணினி இரண்டு கிழமைகளாகப் பிழையாகக் கணக்குப் பார்த்து வந்ததை எமது கடையின் பழைய கணக்குப்பிள்ளைதான் கண்டுபிடித்தார். எல்லாவற்றையும் கணினி பார்த்துக்கொள்ளும் என்று நான் எத்தனையோ முறை சொல்லியும் கையால் எழுதும் பேரேட்டை அவர் கைவிடவில்லை. அந்தப் பிடிவாதம்தான் அன்று எங்களைக் காப்பாற்றியது.

விடயம் இதுதான். மொத்தமாகச் சரக்கு எடுக்கும் வாடிக்கையாளர்களுக்கு நாம் நூற்றுக்குப் பத்துக் கழிவு கொடுப்பது வழக்கம். பெட்டி ஒன்று 2,000 ரூபா என்றால் பத்துப் பெட்டிக்கு 20,000 ரூபா, கழிவு போக 18,000 ரூபா. அதில் இரண்டு பெட்டி திரும்பி வந்தால் 3,600 ரூபாவைத்தான் அவரது கணக்கில் வரவு வைக்க வேண்டும். எமது மென்பொருளோ 4,000 ரூபா வரவு வைத்திருந்தது. கழிவு போட்டு விற்ற சரக்கை முழு விலைக்குத் திருப்பி எடுத்திருக்கிறது. ஒரு பில்லில் 400 ரூபா நட்டம். சரக்கு அடிக்கடி திரும்பி வரும் வியாபாரத்தில் இது எங்கே போய் முடியும் என்பதை இந்தப் பக்கத்தின் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

மென்பொருளைச் செய்து தந்த இளைஞரை அழைத்துக் கேட்டேன். கெட்டிக்காரர், நாணயமானவர். கணினியைத் திறந்து பார்த்தவரின் முகம் வாடிவிட்டது.

"நானா, இந்த இடத்தை நான் எழுதல்ல. ஏஐ எழுதித் தந்தது. நான் வாசிச்சுப் பார்த்தேன். சரி போலத்தான் இருந்தது."

அந்தக் கடைசி மூன்று வார்த்தைகள் என் மனதில் தங்கிவிட்டன. அதன் பிறகு இந்தக் கருவிகளைப் பற்றித் தேடி வாசித்தேன். கணினி நிரல் எழுதுவதையே தொழிலாகக் கொண்டவர்கள் இதைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று பார்த்தேன். அவர்களுடைய அனுபவத்தில் நம்மைப் போன்ற வியாபாரிகளுக்கும் ஒரு பாடம் இருக்கிறது. அதைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

கருவி வந்த கதை

கைத்தொலைபேசியில் செய்தி எழுதும்போது அடுத்த சொல் என்னவென்று அதுவே எடுத்துக் காட்டுவதைக் கண்டிருப்பீர்கள். நிரல் எழுதுபவர்களுக்கு அதே உதவியைச் செய்யும் கருவியை 2021 ஜூன் 29ஆம் திகதி கிட்ஹப் நிறுவனம் அறிமுகப்படுத்தியது. உலகெங்குமுள்ள நிரலாளர்கள் தமது நிரல்களைச் சேமித்துப் பகிர்ந்துகொள்ளும் இடம் கிட்ஹப். அதை மைக்ரோசொப்ட் நிறுவனம் 2018 இல் 7.5 பில்லியன் டொலர் பெறுமதிக்கு வாங்கியிருந்தது. ஓப்பன்ஏஐ நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கிய இந்தக் கருவிக்குக் கொப்பைலட் என்று பெயர் வைத்தார்கள். துணை விமானி என்று பொருள். பெயரிலேயே ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது: பிரதான விமானி ஆசனத்தை விட்டு எழுந்து போகக் கூடாது!

ஒரு சொல்லை மட்டுமல்லாமல் முழு வரியையும், சில வேளை முழுப் பகுதியையுமே இது எழுதிக் காட்டும். பிடித்திருந்தால் ஒரு பொத்தானை அழுத்தி ஏற்றுக்கொள்ளலாம். 2022 ஜூன் மாதம் மாதத்துக்கு 10 டொலர் கட்டணத்தில் எல்லோருக்கும் விற்பனைக்கு வந்தது. இன்று இதைப் போன்ற கருவிகள் பல சந்தையில் இருக்கின்றன.

மகிழ்ந்தவர்களும் கொதித்தவர்களும்

முதல் வரவேற்பு வியப்புத்தான். திரும்பத் திரும்ப எழுதும் சலிப்பான வேலை குறைகிறது என்று பலர் மகிழ்ந்தார்கள். கிட்ஹப் நிறுவனமே 95 நிரலாளர்களை வைத்து ஒரு பரீட்சை நடத்தி 2022 இல் முடிவை வெளியிட்டது. ஒரே வேலையைக் கருவியின் துணையோடு செய்தவர்கள் சராசரியாக 1 மணித்தியாலம் 11 நிமிடத்திலும், துணையின்றிச் செய்தவர்கள் 2 மணித்தியாலம் 41 நிமிடத்திலும் முடித்தார்கள்.

இன்னொரு பக்கம் கோபம் எழுந்தது. கிட்ஹப்பில் பகிரங்கமாக வைக்கப்பட்டிருந்த கோடிக்கணக்கான வரிகளைப் படித்துத்தான் இந்தக் கருவி எழுதப் பழகியது. அந்த வரிகளை எழுதியவர்களில் பலர் அவற்றை நிபந்தனையோடுதான் இலவசமாகக் கொடுத்திருந்தார்கள். பெயரைக் குறிப்பிட வேண்டும் என்றனர் சிலர். இதை வைத்து நீங்கள் செய்ததையும் அதே நிபந்தனையில் மற்றவர்களுக்குத் திறந்து கொடுக்க வேண்டும் என்றனர் வேறு சிலர். இலவசம் என்றால் நிபந்தனை இல்லை என்று அர்த்தமல்ல.

2021 ஜூலையில் ஒரு நிரலாளர் இதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். குவேக் 3 என்ற பிரபலமான கணினி விளையாட்டு 1999 இல் வெளிவந்தது. அதன் நிரல் 2005 இல் நிபந்தனையோடு பகிரங்கமாக்கப்பட்டது. அதிலுள்ள பெயர்பெற்ற கணிதப் பகுதி ஒன்றைக் கொப்பைலட் அப்படியே கொட்டியது. எழுதியவர் பக்கத்தில் குறித்து வைத்திருந்த தகாத வார்த்தை கூட மாறவில்லை. போதாக்குறைக்குப் பொருந்தாத உரிமக் குறிப்பு ஒன்றையும் மேலே சேர்த்துக் கொடுத்தது. இப்படி வரிக்கு வரி ஒத்துப்போவது ஆயிரத்தில் ஒரு தடவைதான் நேர்கிறது என்று நிறுவனம் அப்போது கூறியது. அதே மாதம் சுதந்திர மென்பொருள் அமைப்பு இந்தச் சேவை ஏற்கத்தக்கதல்ல, நியாயமானதுமல்ல என்று அறிவித்தது.

2022 நவம்பரில் கலிபோர்னியாவில் கிட்ஹப், மைக்ரோசொப்ட், ஓப்பன்ஏஐ ஆகிய மூன்று நிறுவனங்களுக்கும் எதிராக நிரலாளர்கள் சிலர் வழக்குத் தொடர்ந்தார்கள். 2024 இல் நீதிபதி அவர்களுடைய பெரும்பாலான கோரிக்கைகளைத் தள்ளுபடி செய்தார். உரிம நிபந்தனையை மீறியது பற்றிய கோரிக்கை தப்பி நின்றது. தள்ளுபடியான ஒரு சட்டப் பிரச்சினை மேன்முறையீட்டுக்குப் போனது.

சரி போல இருப்பது

எனக்கு அதிகம் உறைத்தது மூன்றாவது வகை எதிர்வினை. அது சரக்கின் தரம் பற்றியது.

2021 ஓகஸ்டில் நியூயோர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். பாதுகாப்புக் குறைபாடு வரக்கூடிய 89 சந்தர்ப்பங்களைத் தெரிவு செய்து கொப்பைலட்டிடம் கொடுத்தார்கள். அது எழுதிக் கொடுத்த நிரல்களில் ஏறத்தாழ 40 வீதமானவற்றில் ஓட்டை இருந்தது. திருடன் நுழையக்கூடிய ஓட்டை. ஆனால் பார்வைக்கு எல்லாம் ஒழுங்காகவே இருந்தன.

இது ஏன் நடக்கிறது? கருவி உங்கள் கடையை அறியாது. இப்படியான இடத்தில் வழக்கமாக என்ன வரி வரும் என்பதுதான் அதற்குத் தெரியும். திரும்பி வரும் சரக்குக்கு விலையை எண்ணிக்கையால் பெருக்குவது உலக வழக்கம். அதையே அது எழுதியது. எமது கடையில் கழிவு போட்டு விற்கிறோம் என்பதை யாரும் அதற்குச் சொல்லவில்லை. எழுத்துப் பிழை இல்லை, இலக்கணப் பிழை இல்லை, கணக்கு மட்டும் பிழை. புதிதாக வந்த விற்பனைப் பொடியன் தெரியாத விலையைக் கேட்டால் தலையைச் சொறிவான். அதைப் பார்த்து நாம் உஷாராகிவிடுவோம். இந்தக் கருவி தலையைச் சொறிவதில்லை. தெரிந்ததையும் தெரியாததையும் ஒரே தோரணையில் சொல்கிறது.

நிரலாளர்களிடையே ஆண்டுதோறும் நடைபெறும் ஸ்டாக் ஓவர்ஃபுளோ கருத்துக்கணிப்பில் 2025ஆம் ஆண்டு 84 வீதமானோர் ஏஐ கருவிகளைப் பயன்படுத்துவதாக அல்லது பயன்படுத்தப் போவதாகக் கூறினார்கள். ஆனால் அவை தரும் விடை சரியாக இருக்கும் என்று நம்புவோர் 33 வீதம், நம்பாதோர் 46 வீதம். 66 வீதமானோர் சொன்ன குறை: விடை கிட்டத்தட்டச் சரியாக இருக்கிறது, முழுமையாகச் சரியாக இல்லை. எமது இளைஞர் சொன்ன அதே வார்த்தை!

வியாபார பாஷையில் சொல்வதானால், இந்தக் கடைக்குக் கூட்டம் கூடிக்கொண்டே போகிறது, ஆனால் தராசை நம்பி வருகிறவர்கள் குறைவு. கெட்டிக்காரர்கள் வாங்கிக்கொண்டு போய் வீட்டில் மீண்டும் நிறுத்துப் பார்க்கிறார்கள். நம்மிடம் மென்பொருள் விற்பவர் நிறுத்துப் பார்க்கிறாரா என்பதுதான் நமக்குரிய கேள்வி.

வேகம் என்ற நினைப்பு

2025 ஜூலையில் அமெரிக்காவின் மீட்டர் என்ற ஆய்வு நிறுவனம் வெளியிட்ட முடிவு என்னை அதிகம் யோசிக்க வைத்தது. அனுபவமுள்ள 16 நிரலாளர்கள், தாங்கள் ஆண்டுக்கணக்கில் கவனித்து வரும் பெரிய மென்பொருள்களில் 246 வேலைகளைச் செய்தார்கள். சில வேலைகளுக்கு ஏஐ துணை அனுமதிக்கப்பட்டது, சிலவற்றுக்கு அனுமதிக்கப்படவில்லை. துணை இருந்தால் நேரம் 24 வீதம் குறையும் என்று தொடங்கும்போது எதிர்பார்த்தார்கள். முடித்த பிறகும் 20 வீதம் குறைந்ததாகவே நம்பினார்கள். கடிகாரக் கணக்கோ 19 வீதம் கூடுதலாக நேரம் எடுத்ததைக் காட்டியது.

கருவி எழுதியதை வாசித்து, திருத்தி, சிலவற்றை வீசிவிட்டு மறுபடி எழுதுவதற்கும் நேரம் போகிறது. அந்த நேரம் கண்ணுக்குத் தெரிவதில்லை. அன்றைய கருவிகளோடு, ஒரு சிலரை வைத்துச் செய்த ஆய்வு இது. எல்லோருக்கும் எக்காலத்துக்கும் பொருந்தும் என்று நான் வாதாடவில்லை. புதிதாகத் தொடங்கும் சாதாரண வேலைக்குக் கருவி உதவுகிறது என்பதை முன்னைய பரீட்சை காட்டியது. பழைய கட்டிடத்தில் புதிய சுவர் எழுப்பும்போதுதான் சங்கடம். நமது பில் மென்பொருள்கள் எல்லாம் பழைய கட்டிடங்கள்தான்.

கல்லாவை எண்ணாமல் இன்று நல்ல வியாபாரம் என்று சொல்லும் மகனை நாம் என்ன சொல்வோம்? எண்ணிப் பார்த்துவிட்டுச் சொல் என்போம். வேகத்துக்கும் அந்தச் சட்டம்தான்.

பிழையில் என் பங்கு

இவ்வளவும் வாசித்த பிறகு அந்த இளைஞர் மீதிருந்த கோபம் எனக்குத் தணிந்தது. காரணம், அவர் முதலில் கேட்ட தொகையைப் பேசிப் பேசிக் குறைத்தது நான். பெருநாள் வியாபாரத்துக்கு முன் தந்தே ஆக வேண்டும் என்று நெருக்கியதும் நான். "இப்போதுதான் ஏஐ எழுதித் தருகிறதே, உனக்கு என்ன வேலை?" என்று கேலி பேசியதும் நானே. எழுதும் நேரம் குறைந்தது உண்மை. நான் குறைத்த காசில் காணாமல் போனது சரிபார்க்கும் நேரம்.

இது நம்மவர்களிடம் பொதுவாக உள்ள பழக்கம். கண்ணுக்குத் தெரிவதற்குக் காசு கொடுப்போம். திரையில் அழகான பில் தெரிகிறது, கொடுப்போம். யாரோ ஒருவர் உட்கார்ந்து நாள் முழுவதும் பிழை தேடுவது தெரிவதில்லை, அதற்குக் கொடுக்க மனம் வருவதில்லை. எழுதுவது மலிவாகிவிட்ட இந்தக் காலத்தில் விலை கூடிய சரக்கு அந்தப் பிழை தேடும் கண்தான்.

எனவே, மென்பொருள் செய்விக்கப் போகும் வர்த்தகர்கள் முற்பணம் கொடுக்கும் முன் மூன்று விடயங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள் என்பது என் வேண்டுகோள்.

முதலாவது, கருவி எழுதியதை வாசித்துச் சரிபார்த்த ஆள் யார்? ஏஐ பயன்படுத்தினாரா என்று துருவ வேண்டியதில்லை, அது ஒரு குற்றமும் அல்ல. ஒவ்வொரு வரிக்கும் நான் பொறுப்பு என்று சொல்ல ஒருவர் இருக்க வேண்டும்.

இரண்டாவது, எந்தக் கணக்குகளை வைத்துச் சோதித்தார்? சாதாரண விற்பனை எல்லா மென்பொருளிலும் சரியாகவே வரும். கழிவு போட்ட சரக்கு திரும்பி வருவது, மாற்றிக் கொடுப்பது, காசோலை திரும்புவது, பாதி காசு பாதி கடன் என்று விற்பது ஆகியவற்றை நீங்களே எழுதிக் கொடுங்கள். உங்கள் கடையை அறிந்தவர் நீங்கள்தான்.

மூன்றாவது, பிழை வந்தால் யார் பொறுப்பு? பதிப்புரிமை வழக்கு வந்தால் கட்டணம் செலுத்தும் வர்த்தக வாடிக்கையாளர்கள் சார்பில் தான் பொறுப்பேற்பதாக மைக்ரோசொப்ட் 2023 செப்டெம்பரில் வாக்குறுதி கொடுத்தது. அதற்கும் நிபந்தனைகள் உண்டு. உங்கள் கடை பில்லில் 400 ரூபா குறைந்தால் அந்த வாக்குறுதி உதவாது. அதை உங்கள் நிரலாளருடன் எழுத்தில் பேசிக்கொள்ள வேண்டும்.

அந்த இளைஞரை நான் மாற்றவில்லை. இப்போது மென்பொருளில் ஏதாவது மாற்றம் செய்தால், கணக்குப்பிள்ளை கையால் போட்டு வைத்திருக்கும் இருபது சிக்கலான பில்களை முதலில் அதில் போட்டுப் பார்க்கிறோம். இருபதும் ஒத்து வந்தால்தான் கடைக்கு வரும். அதற்கு ஒரு நாள் எடுக்கிறது. அந்த ஒரு நாளுக்குரிய கூலியை நான் தனியாகக் கொடுக்கிறேன், பேரம் பேசுவதில்லை. இளைஞர் இப்போதும் ஏஐ கருவியைப் பயன்படுத்துகிறார், நானும் தடுப்பதில்லை.

கடந்த முறை பதினேழாவது பில்லில் ஒரு பிழை அகப்பட்டது. கணக்குப்பிள்ளை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "முதலாளி, இதுவும் சரி போலத்தான் இருந்தது" என்றார்.

சிரித்தோம். ஆனால் அந்தச் சிரிப்பு எங்களுக்கு மலிவாகத்தான் கிடைத்தது, ஒரு நாள் கூலிக்கு.