தமிழுக்காக என்றாலும் பிழை பிழைதான்

எங்களில் ஒருவருக்கும் கோடிங் தெரியாது. எல்லோருமே கலைப்பீடம். ஆனாலும் போன மாதம் ஒரு கோட் மாற்றத்தை உட்கார்ந்து வாசித்து, அது சரியா பிழையா என்று இரவு பன்னிரண்டு மணி வரை சண்டை பிடித்தோம். அந்தச் சண்டையில் விளங்கிய ஒரு விசயத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

கணினி படிக்கிற எங்கட தோழி ஒருத்தி மடிக்கணினியோட அறைக்கு வந்தாள். "இதை ஒருக்கா வாசிச்சுப் பாருங்கோ, உங்களுக்குத்தானே எழுத்து வரும்" என்றாள். அவள் கொண்டுவந்தது 'கிட் சென்ட்-இமெயில்' என்ற சின்னக் கருவியில் அவள் செய்து பார்த்த ஒரு மாற்றம். இந்தக் கருவிக்குப் பொத்தானும் இல்லை, படமும் இல்லை. கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்டினால் மின்னஞ்சல் போகும், அவ்வளவுதான். 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கத் தொடங்கிய கிட் மென்பொருளோட சேர்ந்து வருவது. லினக்ஸ் கருவை எழுதுகிறவர்களும் கிட்டை எழுதுகிறவர்களும் இன்றைக்கும் தாங்கள் செய்த மாற்றத்தைக் கடிதமாக அனுப்புகிறார்கள். மற்றவர்கள் அதை வரிவரியாக வெட்டி, ஒவ்வொரு வரிக்குக் கீழேயும் தங்கட கேள்வியை எழுதித் திருப்பி அனுப்புகிறார்கள். எழுதினவர் திருத்தி, 'இரண்டாம் வடிவம்' என்று தலைப்பிட்டு மறுபடி அனுப்புவார். சில மாற்றங்கள் ஐந்தாம், ஆறாம் வடிவம் வரைக்கும் போகும்.

தோழிக்கு வந்த சிக்கல் இதுதான். தமிழில் ஒரு நீண்ட பந்தியை ஒரே வரியாக எழுதி அனுப்பப் பார்த்திருக்கிறாள். "998 எழுத்தைவிட நீளமான வரி இருக்கிறது" என்று கருவி மறித்துவிட்டது. எண்ணிப் பார்த்தால் நானூறு எழுத்துக்கூட இல்லை. "பார்த்தீங்களா, தமிழுக்கு மட்டும் அநியாயம்" என்றாள். ஆகவே தமிழையும் எழுத்தெழுத்தாக எண்ணுகிற மாதிரி அந்தச் சோதனையை மாற்றியிருந்தாள். மாற்றம் நாலைந்து வரிதான். அதற்கு மேலே ஏன் மாற்றினேன் என்று ஒரு பந்தி.

எங்கட முதல் எதிர்வினையைச் சொல்ல வெட்கமாத்தான் இருக்கு. "சூப்பரடி, உடனே அனுப்பு." எங்கட ஆள், எங்கட மொழி, அதுக்கு மேல என்ன வேணும்? வாசிக்க முதலே கை தட்டிவிட்டோம்.

பிறகுதான் எங்களில் ஒருத்தி மெதுவாகக் கேட்டாள்: "998 எண்டால், 998 என்ன?"

அந்த ஒரு கேள்வியில எல்லாம் மாறிப் போனது. மின்னஞ்சல் விதிகள் எழுதப்பட்டபோது எழுத்து என்றால் ஆங்கில எழுத்துத்தான். ஒரு எழுத்து, ஒரு பைட். ஒரு வரி ஆயிரம் பைட்டைத் தாண்டக்கூடாது. வரி முடிவுக் குறிக்கு இரண்டைக் கழித்தால் மிச்சம் 998. தமிழ் அப்படியில்லை. யூனிகோடில் தமிழின் ஒவ்வொரு குறியும் யூடிஎப்-8 முறையில் மூன்று பைட் பிடிக்கும். 'மொழி' எங்கள் கண்ணுக்கு இரண்டு எழுத்து. கணினிக்கு அது ம, ஒகரக் குறி, ழ, இகரக் குறி என்று நான்கு; பைட் கணக்கில் பன்னிரண்டு. தோழியின் நானூறு, கம்பியில் போகும்போது 1,100 பைட் அளவில் வரும். கருவி எண்ணியது பைட்டைத்தான். பிழைச்செய்திதான் பழக்கதோசத்தில் 'எழுத்து' என்று சொல்கிறது.

அப்படியென்றால் அவளுடைய மாற்றம் என்ன செய்யும்? சோதனை தாண்டிவிடும். ஆனால் கடிதம் அதே 1,100 பைட் வரியோடுதான் புறப்படும். வழியில் ஒரு சேவையகம் அதைத் திருப்பி அனுப்பலாம். அல்லது வரியை நடுவில் முறிக்கலாம். முறிகிற இடம் ஒரு தமிழ்க் குறியின் நடுவாக இருந்தால் மறுபக்கம் போய்ச் சேருவது குப்பை. தமிழுக்கு நீதி என்று தொடங்கியது தமிழையே சிதைப்பதில் போய் முடிந்திருக்கும். அனுப்பின மின்னஞ்சலைத் திரும்பக் கூப்பிடவும் ஏலாது.

சரியான வழி கருவிக்குள்ளேயே இருந்தது. வரி நீளமென்றால் அதை வேறு வடிவத்தில் பொதிந்து, சின்னச் சின்ன வரிகளாக உடைத்து அனுப்புகிற ஏற்பாடு அது. வழமையாகத் தானாகவே வேலை செய்யும். அவள் ஏதோ பழைய வழிகாட்டியைப் பார்த்து 8பிட் என்று அமைப்பை மாற்றி வைத்திருந்தபடியால்தான் சோதனை மறித்தது. கடைசியில் மிஞ்சியது ஒரேயொரு சொல்: பிழைச்செய்தியில் 'எழுத்து' என்பதை 'பைட்' என்று மாற்றலாம். நாலைந்து வரி போய் ஒரு சொல். அவள் முகம் வாடித்தான் போச்சு. ஆனால் இந்த இரண்டாம் வடிவத்தைத் தன்னால் யாருக்கு முன்னாலும் நின்று நியாயப்படுத்த முடியும் என்று அவளே சொன்னாள்.

எங்கட வட்டாரத்தில் இப்படி வாசிக்கிறோமா? புத்தக வெளியீட்டில் நயப்புரை இருக்கும், பொன்னாடை இருக்கும். முகநூலில் கவிதை போட்டால் 'அருமை', 'செம'. அசைன்மென்டை நண்பனிடம் காட்டினால் "நல்லா இருக்கு மச்சான்". இதெல்லாம் அன்புதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் வாசிக்காத அன்பு. இன்னொரு பக்கம், குறை சொல்ல வெளிக்கிட்டால் எழுத்தை விட்டுவிட்டு எழுதினவரின் ஊர், ஆக்கள், அரசியல் என்று போய்விடுகிறோம். இரண்டிலும் பிரதியை ஒருவரும் தொடுவதில்லை.

"தமிழில் வேலை செய்கிறதே நாலு பேர், அவங்களையும் குறை சொல்லிக் கலைக்கிறதோ?" என்று கேட்பார்கள். நியாயமான பயம். லினக்ஸ் உலகத்திலேயே அது நடந்தது. விமர்சனம் என்ற பெயரில் ஆட்களைத் தாக்கிய மின்னஞ்சல்களுக்காக 2018 செப்டம்பரில் டோர்வால்ட்ஸ் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டு, கொஞ்சக் காலம் ஒதுங்கியும் இருந்தார். பிழையைச் சொல்லும் விதம் ஆளை உடைத்தால் அடுத்த மாற்றம் வரவே வராது. ஆனால் அதற்குப் பிறகும் லினக்ஸில் மாற்றங்களைப் பரிசோதிப்பதை நிறுத்தவில்லை, வசவைத்தான் விடப் பார்த்தார்கள். நாங்கள் மட்டும் ஏன் வசவுக்குப் பயந்து பரிசோதனையையே கைவிட வேண்டும்?

லினக்ஸில் ஒரு நல்ல வழக்கம் இருக்கிறது. ஒரு மாற்றத்தைக் கவனமாக வாசித்தவர் 'பரிசோதித்தவர்' என்று தன் பெயரை அதன் அடியில் போடுவார். எழுதினவரின் பெயரோடு அதுவும் வரலாற்றில் நிற்கும். பாராட்டுக்குப் போடுகிற பெயர் இல்லை அது. "நான் வாசித்தேன், என் கேள்விகளுக்குப் பதில் கிடைத்தது" என்ற பொறுப்பு. 'அருமை' என்று போடும் ஒவ்வொரு முறையும் அதன் கீழே எங்கள் பெயரையும் அப்படி நிரந்தரமாகப் பதிய வேண்டுமென்றால், எத்தனை தரம் போடுவோம்?

எங்களுக்குக் கோட் தெரியாது. ஆனால் ஒரு சொல் எதைக் குறிக்கிறது என்று கேட்கத் தெரிந்தது. கலைப்பீடத்தில் நாங்கள் படிக்கிறதே அதைத்தானே. இந்தத் தளத்துக்கு நீங்கள் அனுப்புகிற கட்டுரைகளையும் இனி இப்படித்தான் வாசிக்கப் போகிறோம்: பந்தி பந்தியாக, கேள்வியோட. கோபிக்காதீங்கோ. எங்கட கட்டுரைகளுக்கும் அதையே செய்யுங்கோ. இதிலிருந்தே தொடங்கலாம்.