சுகம் என்ற ஒற்றைச் சொல்

கொரோனாக் காலத்துக்குப் பிறகு, தொலைவிலிருந்து பணிபுரிவோரின் மனநலம் குறித்து உலகெங்கும் நிறையவே எழுதப்பட்டுவிட்டது. வீட்டுக்குள் கணினி முன் அமர்ந்திருப்பவரின் தனிமையைப் பற்றிய அக்கறை அது. தேவையானதுதான். ஆனால் வீட்டையே விட்டுத் தொலைவுக்குப் போய் உழைப்பவரின் தனிமை அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. பதுளை மாவட்டத் தோட்டங்களை அறிந்தவர்களுக்கு இது நன்றாகவே விளங்கும்.

பசறை, லுணுகலை, அப்புத்தளை என்று எந்தப் பக்கம் போனாலும் கதை ஒன்றுதான். கொழுந்து பறித்துக் கிடைக்கும் கூலி குடும்பத்துக்குப் போதாது. இளைஞர்கள் கொழும்புக் கடைகளுக்குப் போகிறார்கள். தாய்மார் சவூதிக்கும் குவைத்துக்கும் பணிப்பெண்களாகப் போகிறார்கள். பிள்ளைகள் லயத்தில் பாட்டியின் கையில் வளர்கிறார்கள்.

முன்பு இவர்களை இணைத்தது கடிதம். லயத்துக்கு வீட்டிலக்கம் கிடையாது. தபால் தோட்டக் காரியாலயத்துக்குத்தான் வரும்; உரியவர் கைக்கு அது வந்து சேர்வது அங்குள்ளவர்களின் தயவைப் பொறுத்தது. நேர்முகப் பரீட்சைக்கான அழைப்பு திகதி கடந்த பின்னரே கிடைத்தது என்ற முறைப்பாட்டைப் பத்திரிகைப் பணியில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். பல தோட்டங்களில் இந்தக் குறை இன்னும் தீரவில்லை.

இன்று கைப்பேசி இருக்கிறது. இமோவிலும் வாட்ஸ்அப்பிலும் முகம் பார்த்துப் பேசலாம். எனவே பிரச்சினை முடிந்தது என்கிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. தாய் "நான் சுகம்" என்கிறார். மாதக்கணக்கில் சம்பளம் வராததைச் சொல்வதில்லை. "நாங்களும் சுகம்" என்கிறார்கள் வீட்டில். மகள் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றதையோ, அனுப்பிய பணம் சாராயக் கடைக்குப் போவதையோ சொல்வதில்லை. இரு பக்கமும் அன்பினால்தான் மறைக்கிறார்கள். மறைத்த துயரம் இரு பக்கமும் வளர்கிறது. வேலை கொடுத்தவர் கைப்பேசியை வாங்கி வைத்துக்கொண்டால் அந்தச் "சுகம்"கூட வந்து சேராது.

அனர்த்தம் வரும்போதுதான் இந்த இடைவெளி வெளியே தெரிகிறது. 2014 அக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியபோது, உள்ளே இருந்தவர் யார், வெளியூரில் வேலையில் இருந்தவர் யார் என்று உடனே சொல்ல எவராலும் முடியவில்லை. புதையுண்டோரின் எண்ணிக்கை நாளுக்கு நாள் மாறியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது மலையகத்தில் தொலைத்தொடர்பு அறுந்தது. தொலைவில் இருந்தவர்களுக்கு வீட்டு நிலையை விசாரித்தறிய வேறு வழி இருக்கவில்லை.

ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் தாய்மார் வெளிநாடு செல்வதைக் கட்டுப்படுத்த 2013இல் குடும்பப் பின்னணி அறிக்கை கொண்டுவரப்பட்டது. போகுமுன் தாயை அத்தனை துருவி விசாரித்த அரசு, போன பின் அவரையும் பிள்ளையையும் விசாரிப்பதில் அந்த அக்கறையைக் காட்டவில்லை. குடும்ப விடயத்தில் அரசுக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். அவர் அனுப்பும் அந்நியச் செலாவணியை நாடு எண்ணிப் பார்க்கிறதே, அப்படியானால் அவர் நலத்துக்கும் நாடு பொறுப்பாளிதான்.

செய்ய வேண்டியவை பெரிய காரியங்கள் அல்ல. ஒவ்வொரு லய வீட்டுக்கும் இலக்கமும் முகவரியும் வேண்டும். தபால் அந்த வாசலுக்கே போக வேண்டும். பிரதேச செயலகங்களில் இருக்கும் வெளிநாட்டு வேலைவாய்ப்பு உத்தியோகத்தர்கள் தோட்டத்துக்கே வந்து, தமிழில், பாட்டியிடமும் பிள்ளையிடமும் தனித்தனியே உட்கார்ந்து பேச வேண்டும். அங்கே உழைப்பவரிடம் நமது தூதரகம் அதையே செய்ய வேண்டும். வீட்டாரிடம் சொல்ல முடியாததை மூன்றாமவர் ஒருவரிடமாவது சொல்ல அவர்களுக்கு ஓர் இடம் இருக்கட்டும்.