முகமூடியல்ல, சல்லடை

போடிநாயக்கனூரின் ஏலக்காய் வாணிபத்தை அறிந்தவர்க்குச் சல்லடையின் அருமையைச் சொல்ல வேண்டியதில்லை. மலைச்சரிவில் பறித்து உலர்த்திய காயைச் சலித்துத் தரம் பிரிப்பர். 8 மில்லிமீட்டர் கண்ணில் தங்கியது ஒரு தரம். விழுந்தது வேறு தரம். காய் அதேதான், சல்லடை மாறினால் அது சேரும் குவியல் மாறும்.

இவ்வூரில் 2007இல் நறுமணப் பொருள் வாரியம் மின்னேலத்தைக் கொணர்ந்தது. மலைக்கு அப்பால் கேரளத்துப் புற்றடியிலும் போடியிலும் உள்ள வணிகர்கள் ஒரே நேரத்தில் விலை கேட்கும் முறை 2021இல் வந்தது. வாய்ச்சொல்லாய் ஒலித்த விலை இன்று எண்முகவரிகளுக்கிடையே பயணிக்கிறது. ஆயினும் அம்முகவரிகளின் அடிப்படையைத் தமிழில் விளக்கப் புகுவோர் 'சப்நெட் மாஸ்க்' என்பதை 'முகமூடி' எனப் பெயர்த்தால் மாணவர் இடறுவர் என்பதே எமது வழக்கு. அது எதையும் ஒளித்து வைப்பதற்கன்று, பிரித்தறிவதற்கு.

ஐபி முகவரி 32 இருமஎண்களால் ஆனது. 192.168.1.25 என நாம் எழுதுவது அதன் சுருக்கம். 255.255.255.0 என்னும் மாஸ்க்கில் முதல் 24 இடங்களில் ஒன்றும், கடைசி 8 இடங்களில் சுழியும் உள்ளன. ஒன்று நிற்குமிடத்தில் முகவரியின் எண் அப்படியே கடக்கும். சுழி நிற்குமிடத்தில் அது சுழியாகிவிடும். எஞ்சுவது 192.168.1.0. அதுவே தெருவின் பெயர், கழிந்தது வீட்டிலக்கம்.

கணினி தன் முகவரியையும் சேரவேண்டிய முகவரியையும் ஒரே சல்லடையில் சலிக்கிறது. எஞ்சியவை ஒத்தால் நேரே அனுப்பும். ஒவ்வாவிடில் ரௌட்டரிடம் ஒப்படைக்கும். 192.168.1.25, 192.168.1.100 இரண்டும் மேற்சொன்ன மாஸ்க்கில் ஒரே தெருவினர். 255.255.255.192 என மாற்றினால், 64 முகவரிகளுக்கு ஒரு தெருவாகி, இருவரும் அயலாராவர். சல்லடையைத் தவறாக 255.255.0.0 எனப் பெரிதாக்கினால், 192.168.2.40 என்னும் வெளித்தெருக் கணினியையும் தன் தெருவிலேயே தேடும், மறுமொழி வராது. கம்பி அறுபடவில்லை, கருவி பழுதாகவில்லை. எல்லை மட்டுமே பிழை. 'முகமூடி' என்று படித்தவர் இப்பிழையை எங்ஙனம் ஊகிப்பார்?

உவமை முழுதும் பொருந்தாது என்பதை ஒப்புகிறோம். ஏலக்காய்ச் சல்லடை பருமனை நோக்கும். இது இடத்தை நோக்கும். 128 இருமஎண் கொண்ட ஐபி ஆறாம் பதிப்பு பரவும்போது இச்சொல்லே வேண்டாமே என்போரும் உளர். அங்கும் முகவரியின் முற்பகுதி தெருவையும் பிற்பகுதி வீட்டையுமே குறிக்கின்றன. பிரித்தறியும் வேலை ஒழியவில்லை.

கலைச்சொல்லாக்கம் அகராதியைப் புரட்டிச் சொல்லுக்குச் சொல் வைப்பதன்று. பொருள் செய்யும் வேலையைக் கண்டு பெயரிடுவது. அவ்வேலைக்கான சொல் நம் ஏலக்காய்க் கிடங்குகளில் நெடுநாளாய்ப் புழங்கிவருகிறது. ஆகவே 'வலைச் சல்லடை' என்போம். இதனினும் பொருந்தும் சொல்லை நண்பர்கள் கூறின் மகிழ்ந்து ஏற்போம்.